மீசைக்கெண்டை தானாகப் போகும் வரை

வித்திஃபோர்டு, செவர்ன் கரை
1993 நவம்பர் 23

அன்பு மெரியல்,

நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் எழுத்து வேலையெல்லாம் உன் அம்மா தெர்சாவுடையது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில்கூட என் கையெழுத்தை அவளே போட்டுவிடுவாள். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்கிறாய். அபர்டீனில் ராவும் பகலும் பஸ் ஓடும்போலிருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே குளிர் இறங்கிவிட்டது. பக்கத்து வயல்காரன் ஓக்லியின் பண்ணைக் குளத்தில் ஓரமெல்லாம் பனிக்கட்டி. என் கெண்டைகள் குளத்து நடுத்தீவுக்குப் பின்னால் ஆழத்தில் போய் ஒண்டிக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை முழுக்க முள்ளில் ரொட்டியை மாட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மிதவை ஆடவேயில்லை. உன் அம்மா இருந்திருந்தால், "மீன் பிடிக்கப் போனீங்களா, தூங்கப் போனீங்களா?" என்று கேட்டிருப்பாள். கேட்க ஆளில்லை, தூங்கிவிட்டே வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய சாம்பல் இன்னும் முன்னறை அலமாரியில்தான் இருக்கிறது, அவளுடைய தூண்டில் ரீல்களுக்குப் பக்கத்தில். துடைக்கிறபோது இரண்டையும் சேர்த்தே துடைக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று அவள் படுக்கையில் இருந்தபோதே சொல்லிவிட்டாள். நீ அப்போது வந்திருக்கவில்லை. "என்னைக் காத்துல தூவாதீங்க. ஓக்லி மாட்டு மேலதான் போய் விழுவேன். சணல் விதையோட கலந்து இரைப்பெட்டியில போட்டு, ஆல்டர் மரத்தடியில, ஆத்து அடியில விடுங்க. மெரியல் விடட்டும். உங்களுக்கு நிதானம் பத்தாது." இதுதான் அவள் வாக்கு.

இரைப்பெட்டி என்றால், மீனை வரவழைக்க வேகவைத்த சணல் விதையை நிரப்பி இறக்குவாளே, அந்தக் கம்பிவலைப் பெட்டிதான், அடியில் தட்டியதும் மூடி திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுமே. சின்ன வயதில் நீ அதில் உன் மரப்பொம்மையை வைத்து ஆற்றில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டி மேலே வந்ததும் கரையில் நின்று கத்தினாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வரப் பார்த்தேன். உன் அம்மா விடவில்லை. "நிக்கட்டும். அழுது முடிச்சுட்டு அவளே வருவா" என்றாள்.

மார்ச் பதினாலோடு ஆறு மூடிவிடும். அப்புறம் ஜூன் பாதிவரை மீன் முட்டையிடும் காலம், தூண்டிலோடு கரைப்பக்கம் போகக் கூடாது. மூடின ஆற்றில் அவளை இறக்கினால் எழுந்து வந்து சண்டைக்கு நிற்பாள். அதற்குள் வந்துவிடு. நீ வராமல் நான் செய்யமாட்டேன். நீ வரவேயில்லை என்றால் அவளோடு சேர்த்து உன்னையும் பறிகொடுத்தேன் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கழுத்துக்குக் கம்பளித் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

அப்பா

•

அபர்டீன்
1993 டிசம்பர் 6

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. நான் நலம். படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலைதான் இன்னும். வடக்குத் தீவுகளுக்குப் போகிற கப்பல் புயலில் ரத்தானால் பயணிகள் எங்களைத்தான் திட்டுகிறார்கள். புயலை நாங்கள் மூட்டையில் கட்டி வைத்திருந்து அவிழ்த்துவிட்டதுபோல.

நான் வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆற்றங்கரையில் உங்களோடு நிற்க என்னால் முடியாது.

போன பிப்ரவரியில் நான் ராத்திரி முழுக்க அம்மா பக்கத்தில் இருந்துவிட்டு, விடிந்தபிறகு நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று மாடிக்குப் போய்ப் படுத்தேன். மத்தியானம் இறங்கி வந்தால் நீங்கள் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. அம்மாவின் தூண்டில் கம்பும் சுவரில் இல்லை. அம்மா கண்ணை மூடியிருந்தாள். சாயங்கால டீ நேரம் தாண்டியதும் மூச்சு மாறியது. வெளிச்சம் போகிறபோது அம்மாவும் போய்விட்டாள். அதற்குப் பிறகு, நன்றாக இருட்டிய பின் நீங்கள் வந்தீர்கள். இடுப்புவரை ஈரம். சட்டையெல்லாம் மீன் வழுவழுப்பு. கதவருகே நின்று என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? "முழிச்சிருக்காளா?"

அந்த ஒரு வார்த்தையை நான் இங்கே ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன். ஆற்று மீன் என்றாலே உங்களுக்கு ஆகாது. வாழ்நாள் முழுக்கக் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அன்றைக்கு மட்டும் ஆற்றுக்கு என்ன அவசரம்? பார்க்கத் தைரியம் இல்லாமல் ஓடிப்போனீர்கள். அப்படித்தான் நான் நினைக்கிறேன். அழுதுகொண்டாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் உங்களை ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் இஷ்பெலிடம், எங்கள் வீட்டில் மீனைப் பிடித்து எடைபோட்டு மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். அவள் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். "திங்காத மீனுக்கு எதுக்குடி குளிர்ல நிக்கணும்? உங்க வீட்ல எல்லாருக்கும் புத்தி சரியாத்தான் இருக்கா?" என்றாள்.

மெரியல்

•

வித்திஃபோர்டு
1993 டிசம்பர் 14

மெரியல்,

ஓடிப்போனேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது, அம்மா கையெழுத்துப் போலவே. அதனால் இன்னும் வலிக்கிறது.

போகச் சொன்னது அவள். அவளே கம்பை எடுத்துப் போகச் சொன்னாள். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. தகனம் முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாய்.

சரி, நீ கேட்டுவிட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். பத்து மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. நம் பின்கதவுக்கும் ஆல்டர் மரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு வயல். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தக் கதவில் நின்று டீ ஆறுதுன்னு கத்துவாய், எனக்கு ஆற்றிலே கேட்கும். அன்றைக்கு ஓக்லி வேறு வேலி கட்டிக்கொண்டு இருந்தான். அவள் மூச்சு மாறியபோது ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை? ஏன் ஓக்லியை அனுப்பவில்லை? நான் வருவேனா மாட்டேனா என்று பார்க்கவாவது ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம் இல்லையா?

என்மேல் கோபம், அதனால் கூப்பிடவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் சொல்லிவிடு. தாங்கிக்கொள்வேன். தெரியாமல் கிடப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பொட்டலம் வந்தது. ஸ்காட்லாந்து ரொட்டிக்கும் செங்கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டீயில் நனைத்துத் தின்கிறேன்.

அப்பா

•

அபர்டீன்
1994 ஜனவரி 4

அப்பா,

கிறிஸ்துமஸ் அன்று நான் வேலைக்குப் போனேன், கேட்டு வாங்கிக்கொண்டு. வீட்டில் இருந்தால் உங்கள் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

கூப்பிடத்தான் போனேன். அப்படியா நினைத்தீர்கள் என்னை? கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். ஓக்லி வேலியருகே குனிந்திருப்பதும் தெரிந்தது. அப்போது அம்மா கூப்பிட்டாள். நான் இறங்கி வந்ததிலிருந்து கண் திறக்காதவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஓடி வந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"எங்க போற?" என்றாள். அப்பாவைக் கூட்டிவர என்றேன்.

"கூப்பிடாத. அவர் கையில ஒண்ணு இருக்கு. அது போகட்டும்."

என்னம்மா இருக்கு என்று கேட்டேன். அதையே மறுபடி சொன்னாள், கூப்பிடாதே என்று. கையை மட்டும் விடவில்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தால் பிடி இறுகியது. நான் என்ன செய்வேன்? அவளை உதறிவிட்டா கதவுக்கு ஓடுவேன்? அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். மருந்து அப்படி. முந்தின ராத்திரி சமையலறையில் யாரோ சணல் விதை வேகவைக்கிறார்கள், அடிப்பிடிக்கிற வாசனை வருகிறது என்றாள். அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, வாயைத் தண்ணீரால் நனைத்துக் கூடவே இருந்தவள். கடைசி மூச்சில் அவள் பேசியது அங்கே இல்லாத உங்களைப் பற்றி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் என்றால் அதில் பாதி இதுதான். சின்னத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மெரியல்

•

வித்திஃபோர்டு
1994 ஜனவரி 16

மெரியல் கண்ணு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்து எவ்வளவு நேரம் நின்றேனோ, கெட்டிலில் தண்ணீர் முழுக்க வற்றி அடி கறுத்துவிட்டது. உன் அம்மாவின் கெட்டில். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

அவளுக்கு நினைவு தப்பவில்லை, மெரியல். என் கையில் ஒன்று இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முழுக்கப் படி.

அன்று காலை நீ மாடிக்குப் போனபிறகு டாக்டர் வந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் உன் அம்மா கண்ணைத் திறந்தாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள். அத்தனை நாள் உறைபனி, உனக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி மழை பெய்து, தென்மேற்குக் காற்று திரும்பியிருந்தது. ஆற்றில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு வாங்க என்று என்னை விரட்டினாள். போய்ப் பார்த்தேன். ஆறு ஏறி, டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் சூடு கூடியிருந்தது, குளிர்காலத்தில் அப்போதுதான் மீசைக்கெண்டை இரை எடுக்கும். வந்து சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், எனக்குக் கல்யாணத்தன்று பார்த்த முகம்போல் இருந்தது.

"இன்னிக்கு ஹெப்சி சாப்பிடும். போங்க" என்றாள்.

ஹெப்சி யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது மீசை அறுந்த அந்த மீசைக்கெண்டைக்கு என் அம்மா ஹெப்சிபாவின் பெயரை வைத்தவள் இவள்தானே. மாமியாருக்கும் மீசை இருந்தது என்று வாதம். ஒவ்வொரு குளிர்காலமும் அந்த மீனைப் பிடித்து, நலம் விசாரித்து, விட்டுவிட்டு வருவாள். அந்த வருஷம் படுத்துவிட்டதால் பார்க்கவில்லை. ஹெப்சி இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் அவள் ஆசை.

நான் குளத்துக்காரன், எனக்கு அந்தத் தண்ணீரில் என்ன தெரியும் என்றேன். "உங்களை யாரு மீன் பிடிக்கச் சொன்னா? என் கம்பைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மிச்சத்தை ஹெப்சி பாத்துக்கும்" என்றாள். உன்னை எழுப்பிவிட்டுப் போகிறேன் என்றேன். பிள்ளை ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா, தூங்கட்டும் என்றாள். பார், உன்னைப் பற்றிப் பேசவில்லை என்கிறாய். எனக்கு இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

போனேன். டின் பன்றிக்கறியைத் துண்டுபோட்டு முள்ளில் மாட்டி, மரத்தடியில் இறக்கினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. கிளம்பலாம் என்று இருந்தபோது கம்பு அப்படியே வளைந்து தண்ணீரைத் தொட்டது. குளத்துக் கெண்டை இழுப்பது வேறு, இது வேறு. வெள்ளத்தோடு சேர்ந்து இழுக்கிறது. கடைசியில் கைவலையில் வந்து விழுந்தது. நல்ல பெரிய மீன். திருப்பி இடது பக்கம் பார்த்தேன்.

மீசை நாலும் முழுசாக இருந்தது. ஹெப்சி இல்லை. ஏதோ ஒரு சாதாரண மீன்.

இதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. ஹெப்சியாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ.

முள்ளைக் கழற்றிவிட்டு விடப் போனேன். என் குளத்துக் கெண்டை என்றால் தண்ணீரில் வைத்ததும் வாலால் முகத்தில் ஒரு அறை விட்டுவிட்டுப் போய்விடும். இது அப்படி இல்லை. உயிர் இருக்கும் மட்டும் இழுத்துவிட்டுத் துவண்டுவிடும். தலையை நீர் வரும் பக்கம் திருப்பி, அடிவயிற்றில் கையைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அது மூச்சுவிட்டுத் தேறி, கையை உதறிவிட்டுத் தானே போகும்வரை. அவசரப்பட்டு விட்டால் நம் கண்ணுக்கு முன் நீந்துவதுபோல் போய், கொஞ்சம் தள்ளி வயிறு மேலாகப் புரண்டு செத்துவிடும். உன் அம்மா அறிந்த ஒரே சட்டம் இதுதான். ஆற்றிலிருந்து யார் வந்தாலும், என்ன மீன், எத்தனை எடை என்று கேட்கமாட்டாள். "தானா போச்சா?" என்றுதான் கேட்பாள்.

நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையைத் தளர்த்தினேன், புரண்டது. மறுபடி பிடித்தேன். மறுபடி தளர்த்தினேன், மறுபடி புரண்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. போதும், விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் போனதும் அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். படுத்திருக்கிறவளிடம் பொய் சொல்லச் சொல்கிறாயா? உன் அம்மாவிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சொன்னதில்லை.

அப்போது வேலி இடுக்கில் நம் முன்னறை விளக்கு எரிவது தெரிந்தது. சரி, முழித்துவிட்டாள், எனக்காகக் காத்திருக்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்த மீனிடம்கூடச் சொன்னேன், சீக்கிரம் போ, அவ கேப்பா என்று. விளக்கை நீ எதற்காக ஏற்றினாய் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கடைசியில் அது போனது. ஓடி வந்து கதவருகே நின்று உன்னிடம் கேட்டேன், முழிச்சிருக்காளா என்று. தானாகப் போச்சு என்று அவளிடம் சொல்லத்தான் கேட்டேன்.

அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் மாயம் ஒன்றுமில்லை. மீன் கிடைக்காவிட்டால் இந்த ஆள் டீக்கு முன்னாலேயே வந்திருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். வரவில்லை என்றால் கையில் மீன் இருக்கிறது.

அப்பா

•

அபர்டீன்
1994 பிப்ரவரி 20

அப்பா,

பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்கு வேலையைச் சாக்காகச் சொல்லலாம். சொல்லமாட்டேன்.

படித்துவிட்டு உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஒரு சாதாரண மீன். ஹெப்சியாக இருந்தாலாவது மன்னித்திருப்பேன் என்று கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். அம்மாவுக்குக் கடைசியாக ஒரு முத்தம் கொடுக்காமல் ஏதோ பேர் தெரியாத மீனைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களை நினைத்தாலே ஆத்திரமாக வந்தது.

இஷ்பெலிடம் சொன்னேன். சிரிப்பாள், நானும் அவளோடு சேர்ந்து உங்களைத் திட்டலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதானே இருந்திருக்கு? அப்புறம் நீ யாருக்காகக் கோவப்படறே?" என்றாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்பா, அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. தெரியாமல் பேசினாள் என்று. இப்போது அதுவும் போய்விட்டது. முழு நினைவோடு, நீங்கள் வரவேண்டாம் என்று அவளே முடிவு செய்திருக்கிறாள். தான் போகப்போகிறோம் என்று தெரிந்தும். உங்களை அவ்வளவு தெரிந்துவைத்திருந்தாள். நீங்கள் வயலுக்கு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம், இரண்டு பேரும் பேசாமலே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் நான் எதற்கு இருந்தேன்? கையைப் பிடித்துக்கொள்ள ஒரு கட்டில் கால்போல.

வருவதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.

மெரியல்

•

வித்திஃபோர்டு
1994 பிப்ரவரி 26

கண்ணு,

கட்டில் கால் என்று எழுதியிருக்கிறாய். இனிமேல் அப்படி எழுதாதே.

அவள் கடைசியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். என்னைக் கூப்பிடாதே என்று சொன்னது எனக்காக. உன் கையை விடாதது யாருக்காக? நான் அந்த நேரத்தில் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. உன்மேல் எனக்குப் பொறாமை, மெரியல். இதை எழுத எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

இரண்டு நாளாகக் குளம் முழுக்க உறைந்துவிட்டது. ஓக்லி கோடாலியால் ஓட்டை போட்டு வைத்திருக்கிறான், கெண்டைகளுக்கு மூச்சு வேண்டுமே. ஆறு வற்றிக் கண்ணாடியாகக் கிடக்கிறது. அடிக் கல்லெல்லாம் தெரிகிறது. மீசைக்கெண்டைகள் எங்கே ஒளிந்திருக்கின்றனவோ. தெர்மாமீட்டரைத் தினமும் விட்டுப் பார்க்கிறேன், யாரிடம் சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே.

வலது கை விரல்கள் அன்று தண்ணீரில் நின்றதிலிருந்து சரியாக மடங்குவதில்லை. ரீல் சுற்றுவதே கஷ்டம். இதைச் சொல்லி உன்னை வரவழைக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. நீ வந்தாலும் வராவிட்டாலும் மார்ச் பதிமூன்று மாலை ரயிலுக்கு நான் கிடர்மின்ஸ்டர் ஸ்டேஷனில் நிற்பேன். ரயில் போனதும் திரும்பி வந்துவிடுவேன். உன்மேல் வருத்தம் வைக்கமாட்டேன்.

அப்பா

•

அபர்டீன்
1994 மார்ச் 9

அப்பா,

பதிமூன்றாம் தேதி ரயிலில் வருகிறேன். சணல் விதையை முந்தின ராத்திரியே ஊறப்போடுங்கள். நான் வந்து வேகவைத்துக்கொள்கிறேன், நீங்கள் அடுப்புப் பக்கம் போகவேண்டாம், ஒரு கெட்டில் போனது போதும். ஸ்டேஷனில் வெளியே நிற்காதீர்கள், உள்ளே பெஞ்சில் உட்காருங்கள்.

மெரியல்

•

அபர்டீன்
1994 மார்ச் 20

அன்புள்ள அப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கையுறையை உங்கள் சமையலறை மேசையில் மறந்துவிட்டேன். அனுப்பவேண்டாம், ஜூனில் வந்து எடுத்துக்கொள்கிறேன். விரல் நகத்தில் இன்னும் சணல் விதை வாசனை. இஷ்பெல் முகர்ந்து பார்த்து என்னடி சமைச்சே என்றாள். சொன்னேன். எழுந்து போய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள்.

ஆறு வற்றி இருந்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், ஆறு உங்கள் வீட்டுக் குழாய்போல. எனக்கு அது நல்லதாகத்தான் போயிற்று. வெள்ளமாக இருந்திருந்தால் நான் அடியைப் பார்த்திருக்கமாட்டேன். பெட்டி கீழே போவதும், கல்லுக்கு நடுவில் போய் உட்காருவதும் தெரிந்தது. அதற்குமேல் கண் மறைத்துவிட்டது.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்லவேண்டும். ஆற்றிலிருந்து திரும்பி வருகிற வழி முழுக்க நீங்கள் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டி அடியில் தட்டி மூடி திறந்ததும் எனக்குக் கையில் தெரிந்துவிட்டது. பாரம் போய்க் கம்பு லேசானது. அப்பொழுதே அது வெறும் பெட்டி. உங்களுக்கும் தெரிந்தது. கம்பு நுனியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஆனாலும் நான் தூக்கவில்லை. தூக்கினால் காலியாக வரும் என்று தெரியும். சின்ன வயதில் பொம்மை போன அன்றைக்குப் பார்த்ததுதானே.

ஓக்லி மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வெளிச்சம் போயிற்று. உங்கள் நோவுக் கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். உங்கள் பல் குளிரில் அடிப்பது எனக்குக் கேட்டது. போதும்மா, வா என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. என்னை நிற்கவிட்டீர்கள். அன்று அந்த மீனோடு எப்படி நின்றிருப்பீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நானாகவே கம்பைத் தூக்கினேன். பெட்டி வெறுமையாகச் சொட்டிக்கொண்டு மேலே வந்தது. நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், ஆற்றிலிருந்து யார் வந்தாலும் அம்மா கேட்கிற அதே கேள்வி. நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை.

தானாகத்தான் போனாள், அப்பா.

உங்கள்
மெரியல்